விறகின் ஈரத்தை அளக்கக் கண்ணா, ஈரமானியா, ஓவனா, தராசா?

பேக்கரி நடத்துபவர்கள், திருமணச் சமையல் ஒப்பந்தம் எடுப்பவர்கள், செங்கல் சூளைக்காரர்கள், நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகளில் விறகுக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர்கள் எனப் பலரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். வருகிற லோடு காய்ந்ததா பச்சையா என்று தெரிந்துகொள்ள ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்து ஈரமானி எனும் மாய்ஸ்சர் மீட்டர் வாங்கலாமா, அல்லது தட்டிப் பார்த்தும் தூக்கிப் பார்த்தும் வாங்கிவந்த பழைய வழக்கமே போதுமா என்பதுதான் அது. இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல இயலாது. "இந்த லோடை இறக்கலாமா, வேண்டாமா" என்பது ஒரு கேள்வி. "இந்த லோடுக்கு எத்தனை டன் கழித்துப் பணம் கொடுப்பது" என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குச் சரியான விடை தரும் கருவி இரண்டாவது கேள்விக்குத் தவறான விடையைத் தரக்கூடும். கருவி வாங்கி ஏமாந்தேன் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் கலந்துகொண்டவர்களே.

விறகு நம்மிடம் எடைக்கு விற்கப்படும் பொருள் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். மொத்த எடையில் 40 விழுக்காடு ஈரமுள்ள 10 டன் சீமைக்கருவேல விறகில் 4 டன் தண்ணீர், 6 டன் மரம். அதே 6 டன் மரம் 20 விழுக்காட்டு ஈரத்துக்குக் காய்ந்திருந்தால் எடைமேடையில் 7.5 டன்தான் காட்டும். எனவே இரண்டரை டன் தண்ணீருக்கு விறகின் விலையைக் கொடுத்திருக்கிறோம். டன்னுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு லோடில் 12,500 ரூபாய் போய்விடுகிறது.

இழப்பு அதோடு முடிவதில்லை. அந்தத் தண்ணீர் முழுவதையும் அடுப்புக்குள் ஆவியாக்கிய பிறகுதான் மீதி வெப்பம் பாத்திரத்துக்கு வரும். 20 விழுக்காடு ஈரமுள்ள ஒரு கிலோ விறகு ஏறத்தாழ 3,400 கிலோகலோரி தரும். 40 விழுக்காடு ஈரமுள்ள ஒரு கிலோ ஏறத்தாழ 2,400தான் தரும். கணக்கிட்டுப் பார்த்தால், 10 டன் ஈர விறகு தரும் வெப்பம் 7.5 டன் காய்ந்த விறகு தருவதைவிடக் குறைவு. இதற்கும் மேலாக ஒரு விலை இருக்கிறது. நீராவியால் தணல் தணிந்து, பாதி எரிந்த வாயுக்கள் புகையாகவும் கீலாகவும் வெளியேறுகின்றன. அந்தப் புகையில் நின்று ஊதுகுழலை ஊதிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் விறகு வாங்கும் முடிவில் ஒரு சொல்லும் சொல்ல இயலாத சமையல் தொழிலாளி. விறகின் ஈரத்தை அளப்பது அவருடைய கண்ணையும் நுரையீரலையும் காக்கும் வேலையும் ஆகும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

## எந்த விழுக்காடு என்று முதலில் கேட்க வேண்டும்

ஈரத்தை இரண்டு விதமாகக் கணக்கிடுகிறார்கள். தண்ணீரின் எடையை விறகின் மொத்த எடையால் வகுப்பது ஒரு வழி. இதை மொத்த எடைக் கணக்கு என்று இங்கே குறிப்பிடுகிறேன். எரிபொருள் வாங்குபவர்களும் கொதிகலன் பொறியாளர்களும் பின்பற்றுவது இதுவே. தண்ணீரின் எடையை, முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையால் வகுப்பது மற்றொரு வழி. இது உலர் எடைக் கணக்கு. தச்சுத் தொழிலும் பலகை வணிகமும் இதைப் பின்பற்றுகின்றன. பலகைக்காகவே உருவாக்கப்பட்டவை என்பதால், கடையில் கிடைக்கும், மரத்தில் ஊசி குத்தி அளக்கும் மீட்டர்களில் பெரும்பாலானவை உலர் எடைக் கணக்கையே காட்டுகின்றன.

வேறுபாடு சிறியதன்று. மீட்டரில் 25 என்று காட்டினால் மொத்த எடைக் கணக்கில் அது 20. மீட்டரில் 30 என்றால் 23. உலர் எடைக் கணக்கில் 100 என்பது மொத்த எடைக் கணக்கில் 50தான். உலர் கணக்கின் எண்ணுடன் 100ஐக் கூட்டி, அந்த எண்ணையே அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து, 100ஆல் பெருக்கினால் மொத்த எடைக் கணக்கு கிடைத்துவிடும். இங்கிலாந்தில் 2021 மே 1 முதல், 2 கன மீட்டருக்குக் குறைவான அளவில் விற்கப்படும் விறகின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. 20 என்ற எண் உலகெங்கும் பேசப்படுவதற்கு இத்தகைய விதிகளும் ஒரு காரணம். ஆனால் அந்த எண்ணைக் கேள்விப்பட்டு, மீட்டரில் 24 காட்டிய நல்ல விறகைத் திருப்பி அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாங்குபவர் ஒரு கணக்கிலும் விற்பவர் வேறொரு கணக்கிலும் பேசினால் இருவரும் நேர்மையாக இருந்தும் சண்டை வரும். ஆகவே பேச்சு தொடங்கும்போதே எந்தக் கணக்கு என்பதை எழுத்தில் முடிவு செய்துகொள்வது நல்லது. இந்தக் கட்டுரையில் இனி மீட்டர் காட்டுவதாக வரும் எண்கள் உலர் எடைக் கணக்கு. மற்ற எண்கள், வேறு விதமாகச் சொல்லாத இடங்களில், மொத்த எடைக் கணக்கிலேயே இருக்கும்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முறைகளை ஐந்து அளவுகோல்களால் மதிப்பிடுகிறேன். லாரி எடைமேடையை விட்டு இறங்குவதற்குள் விடை கிடைக்குமா? கட்டையின் உள்ளீரத்தைக் காட்டுமா, மேல்தோலை மட்டும் காட்டுமா? பச்சை விறகிலும் எண் நம்பத்தக்கதா? விற்பவர் ஏற்றுக்கொள்ளும் சான்றாகுமா? இறுதியாக, கருவியின் விலைக்கு அப்பால் நேரமாகவும் உழைப்பாகவும் என்ன செலவாகும்? இவற்றுள் முதலாவதே மிக முக்கியமானது என்பது என் கருத்து. விறகை இறக்கி அடுக்கிய பிறகு தெரியவரும் உண்மையால் அடுத்த லோடுக்குப் பயன் உண்டே தவிர, இந்த லோடின் பணம் திரும்பி வராது.

## கண்ணும் காதும் கையும்

காய்ந்த கட்டை இரண்டை மோதினால் கணீரென்று ஒலிக்கும். பச்சைக் கட்டை மொத்தென்று கேட்கும். காய்ந்ததில் பட்டை தானாகக் கழன்று வரும், வெட்டுமுகத்தில் ஆரம்போல வெடிப்பு ஓடும், நிறம் மங்கும், பச்சை வாடை போய்விடும். விறகு மண்டியில் பல ஆண்டு நின்றவர் ஒரு கட்டையைக் கையில் தூக்கியதுமே சொல்லிவிடுவார். செலவு எதுவும் இல்லை, நொடியில் விடை கிடைக்கும், முழு லோடையும் சுற்றிப் பார்க்கலாம் என்பவை இதன் பலங்கள்.

இதன் குறை மரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. மரத்துக்குள் தண்ணீர் குறுக்கே நகர்வதைவிட நாரின் நீளவாட்டில் ஏறத்தாழ 10 முதல் 15 மடங்கு வேகமாக நகர்கிறது. ஆகவே கட்டையின் இரு முனைகளும் சில நாள்களிலேயே காய்ந்து வெடித்துவிடும், நடுப்பகுதி பல வாரங்கள் பச்சையாகவே இருக்கும். நாம் பார்ப்பதும் தட்டுவதும் முனைகளைத்தான். மேலும் ஒலியையும் கனத்தையும் ஒரே மரத்துக்குள்தான் ஒப்பிட முடியும். சவுக்குக்குப் பழகிய கை, தைலமரத்தையும் மாங்கட்டையையும் எடைபோடும்போது தவறும். வைரம் பாய்ந்த சீமைக்கருவேலம் காய்ந்த பிறகும் கனமாகவே இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இது எண்ணாக வராது என்பதுதான். "எனக்குப் பச்சையாகத் தெரிகிறது" என்பதற்கு "எனக்குக் காய்ந்ததாகத் தெரிகிறது" என்று விற்பவர் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வாரத்துக்கு ஒரு மாட்டுவண்டியோ குட்டி யானையோ விறகு வாங்கும் தேநீர்க் கடைக்கு, பல ஆண்டு பழக்கமுள்ள ஒரே விறகுக்கடையில் வாங்கும் வீட்டுக்கு, இந்த முறையே போதும். ஒரு கட்டையைப் பிளந்து, உள்முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பச்சையாக இருந்தால் குளிர்ச்சி தெரியும்.

## ஊசி ஈரமானி

இரண்டு உலோக ஊசிகளை மரத்தில் குத்தினால், அவற்றுக்கு இடையேயான மின்தடையை அளந்து, அதை ஈர விழுக்காடாக மாற்றிக் காட்டும் கருவி இது. ஈரம் கூடக் கூட மின்தடை குறையும் என்பதே அடிப்படை. ஏறத்தாழ ஆயிரம் முதல் மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. லாரி நிற்கும்போதே பத்துக் கட்டைகளைச் சோதித்துவிடலாம், எண்ணை விற்பவரும் தம் கண்ணாலேயே பார்க்கலாம். வாசலில் முடிவெடுக்க இதைவிட நல்ல கருவி இந்த விலையில் இல்லை.

ஆயினும் இதன் எல்லையை அறியாமல் வாங்கக்கூடாது. மரத்தின் செல்சுவர்கள் தண்ணீரால் நிரம்பும் நிலை, உலர் எடைக் கணக்கில் ஏறத்தாழ 28 முதல் 30 விழுக்காடு. அதற்குக் கீழே ஈரம் சிறிது மாறினாலும் மின்தடை பெருமளவு மாறும். அதற்கு மேலே செல்களின் உட்குழிவில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் மின்தடை அதிகம் மாறுவதில்லை. எனவே மீட்டரில் 6 முதல் 30 வரையான எண்களை நம்பலாம். 45, 60 என்று காட்டினால் "பச்சை" என்று மட்டுமே அதற்குப் பொருள். எத்தனை பச்சை என்பதை அந்த எண் சொல்லவில்லை. 45க்கும் 60க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து எடைக் கழிவு போடுவது அடிப்படையற்றது. விற்பவருக்கு அது அநியாயமாகவும் முடியலாம்.

ஊசிகள் சில மில்லிமீட்டர் ஆழமே இறங்கும் என்பதால், எந்த இடத்தில் குத்துகிறோம் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. நான் மீட்டர் வாங்கிய முதல் பருவத்தில், லாரியின் மேல் வரிசையிலிருந்த கட்டைகளின் முனைகளில் மட்டும் குத்திப் பார்த்து, 18, 19 என்று எண் வந்ததும் மகிழ்ந்து ஒரு முழு லோடை இறக்கிக்கொண்டேன். இரண்டாம் நாள் கட்டைகளைப் பிளந்தபோது உள்ளே சாறு கசிந்தது. கருவி பொய் சொல்லவில்லை. நான்தான் அதனிடம் தவறான இடத்தைக் காட்டியிருந்தேன். சரியான வழி இதுதான்: லோடின் மேல், நடு, அடி வரிசைகளிலிருந்து குறைந்தது எட்டுப் பத்துக் கட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நடுவில் பிளந்து, அந்தப் புதிய முகத்தில் நாரின் திசையில் ஊசிகள் அமையுமாறு நன்றாக அழுத்தி, மூன்று இடங்களில் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். லோடின் எடையில் பெரும்பங்கு பருத்த கட்டைகளிலேயே இருப்பதால், தேர்ந்தெடுப்பதிலும் அவற்றுக்கே பெரும்பங்கு தர வேண்டும். மெல்லிய மிளாறுகளை மட்டும் சோதித்துக் கிடைக்கும் எண் யாருக்கும் உதவாது.

இந்தப் பிளப்புதான் ஈரமானியின் மறைந்த செலவு. கோடாலியோடு ஓர் ஆள் நிற்க வேண்டும், லாரி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஊசிகள் சீமைக்கருவேலத்தில் வளைந்து உடைந்தால் மாற்று ஊசி கையில் இருக்க வேண்டும். வெப்பநிலையும் எண்ணைப் பாதிக்கும். பெரும்பாலான கருவிகள் 20 பாகை செல்சியசுக்கு அளவு திருத்தப்பட்டவை. சுடு வெயிலில் 35 பாகையில் நிற்கும் கட்டையில் உண்மையைவிட ஒன்று அல்லது ஒன்றரை விழுக்காடு கூடுதலாகக் காட்டும். உப்புநீரில் நனைந்த மரமும் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால், காய்ந்திருந்தாலும் அதிக எண்ணைக் காட்டும். மரவகைத் தேர்வுப் பட்டியல் உள்ள கருவிகளிலும் அந்தப் பட்டியல் பெரும்பாலும் குளிர்நாட்டு மரங்களுக்கானதே.

ஊசியில்லாமல் மேலே வைத்தாலே அளக்கும் கருவிகளும் விற்கப்படுகின்றன. அவை வழவழப்பான பலகைக்கு ஏற்றவை. சொரசொரப்பான, வளைந்த, அடர்த்தி மாறிக்கொண்டே இருக்கும் விறகுக்கு அவற்றை வாங்க வேண்டாம்.

## ஓவனில் உலர்த்தி எடைபோடுவது

மற்ற எல்லா முறைகளும் எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகின்றனவோ, அந்த முறை இதுதான். கட்டையின் முனையிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிப்புள்ள வட்டத் துண்டை அறுத்து, சிராய்களை நீக்கி, உடனே எடைபோட வேண்டும். உடனே முடியாவிட்டால் காற்றுப் புகாத பாலிதீன் உறையில் இட்டு வைக்க வேண்டும். பிறகு 103 பாகை செல்சியசில், இரண்டு அளவீடுகளுக்கு இடையே எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்த வேண்டும். பெரும்பாலும் ஒரு நாள் ஆகும். பருத்த துண்டுக்குக் கூடுதலாகவும் ஆகலாம். 412 கிராம் துண்டு 281 கிராமாக நின்றால், போன தண்ணீர் 131 கிராம். மொத்த எடைக் கணக்கில் ஏறத்தாழ 32 விழுக்காடு, உலர் எடைக் கணக்கில் ஏறத்தாழ 47.

பச்சை விறகாயினும் சரி, எந்த மரமாயினும் சரி, இந்த எண் நிற்கும். எடைக் கழிவு குறித்த ஒப்பந்தத்தில் எழுதத் தகுந்த ஒரே முறை இது என்றே சொல்வேன். ஆனால் விடை மறுநாள்தான் வரும். அதனால் லோடு வரும்போது எடைமேடைச் சீட்டை வைத்துக்கொண்டு, துண்டுகளை இருதரப்பும் சேர்ந்து எடுத்து, பணத்தின் ஒரு பகுதியை முடிவு வரும்வரை நிறுத்திவைக்கும் ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் ஓவன் மட்டும் வாங்குவதில் பயனில்லை.

வீட்டில் கேக் சுடும் ஓவனைப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசும் தனி வெப்பமானியும் இருந்தால் ஏறத்தாழச் சரியான விடை கிடைக்கும். ஆனால் அந்த ஓவன்களின் வெப்பநிலைக் குமிழை நம்ப முடியாது. வெப்பம் மிகையானால் தண்ணீரோடு மரத்தின் ஆவியாகும் பொருள்களும் வெளியேறி ஈரம் கூடுதலாகத் தோன்றும், அதற்கும் மேல் போனால் துண்டு கருகித் தீப்பிடிக்கும். ஆளில்லாமல் இரவு முழுவதும் ஓடவிடக்கூடாது. மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் நடுப்பகுதி முதலில் கருகக்கூடும் என்பதால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆலைகளில் உள்ள, சில கிராம் தூளை வைத்தால் சில நிமிடங்களில் எண் காட்டும் ஆய்வுக்கூடக் கருவி வேகமானது. ஆனால் ரம்பத்தின் சூட்டிலேயே தூள் ஓரளவு உலர்ந்துவிடும் என்பதை அதில் மறக்கக்கூடாது.

## தராசும் பொறுமையும்

நான்காவது முறையை மிகச் சிலரே கையாள்கிறார்கள். லோடிலிருந்து ஐந்தாறு கட்டைகளை எடுத்து, சாயத்தால் எண்ணிட்டு, எடையை எழுதி, மழை படாத காற்றோட்டமான இடத்தில் அடுக்கி, வாரம் ஒருமுறை எடைபோட வேண்டும். எடை குறைவது நின்றதும், கட்டை சுற்றுக்காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். 30 பாகை வெப்பமும் 70 விழுக்காடு காற்றீரமும் உள்ள இடத்தில் அந்தச் சமநிலை ஏறத்தாழ 12 விழுக்காடு. 10 கிலோவாக வந்த கட்டை 6.8 கிலோவில் நின்றால், அதில் உலர்ந்த மரம் ஏறத்தாழ 6 கிலோ. வந்தபோது ஈரம் ஏறத்தாழ 40 விழுக்காடு.

விடை வர, பிளந்த கட்டைக்கே பல வாரங்களும் பிளக்காத உருட்டுக்கு மாதங்களும் ஆகும். எனவே வாங்கும்போது இது உதவாது. ஆனால் "இந்தக் கொட்டகையில் எத்தனை நாள் வைத்தால் விறகு எரிக்கத் தகுதியாகும்" என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடையை வேறு எந்த முறையும் தராது. சொந்தமாக அடுக்கிக் காய வைப்பவர்களுக்கு இதுவே முதல் தேர்வு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கண், காது, கை | ஊசி ஈரமானி | ஓவன் | தராசில் தொடர்ந்து பார்ப்பது |
|---|---|---|---|---|
| விடை கிடைக்கும் நேரம் | நொடிகள் | அரை மணி | ஏறத்தாழ ஒரு நாள் | வாரங்கள், மாதங்கள் |
| உள்ளீரம் | பிளந்தால் ஓரளவு | பிளந்தால் மட்டும் | முழுமையாக | முழுமையாக |
| பச்சை விறகில் எண் | எண்ணே இல்லை | நம்ப இயலாது | நம்பலாம் | ஏறத்தாழ நம்பலாம் |
| விற்பவர் ஏற்பாரா | அரிது | லோடை ஏற்க, மறுக்க ஏற்பார் | எடைக் கழிவுக்கும் ஏற்பார் | ஏற்கமாட்டார் |
| மறைந்த செலவு | அனுபவம் வர ஆண்டுகள் | பிளக்கும் கூலி, காத்திருப்பு, ஊசிகள் | மின்சாரம், கண்காணிப்பு, பண நிறுத்தம் | இடம், பொறுமை |

## யாருக்கு எது

வாரத்துக்கு ஒரு லோடு இறக்கும் பேக்கரிக்கும், ஆம்பூர், திண்டுக்கல் போன்ற ஊர்களில் விறகடுப்பில் பிரியாணி சமைக்கும் கடைக்கும், ஈரமானியை வாங்குங்கள் என்றே சொல்வேன். மீட்டரில் 25 வரை இறக்கலாம், 25 முதல் 30 வரை விலை பேசலாம், 30க்கு மேல் திருப்பி அனுப்பலாம் என்று ஒரு விதியைக் கதவில் எழுதி ஒட்டிவிட்டால், அந்தக் கருவி நம்பத்தக்க எல்லைக்குள்ளேயே நின்று வேலை செய்யும்.

மாதம் பல லோடு எடுக்கும் தேயிலைத் தொழிற்சாலை, செங்கல் சூளை போன்றவற்றுக்கு ஈரமானி மட்டும் போதாது. அங்கே பச்சை லோடைத் திருப்பி அனுப்புவது பல நேரம் நடக்காத காரியம். எடை கழித்துத்தான் வாங்க முடியும். வாசலில் ஈரமானியால் பிரித்து, 30க்கு மேல் போகும் லோடுகளை மட்டும் ஓவனுக்கு அனுப்புவதே சிக்கனமான வழி. இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் நீங்கள் வாங்கும் மரத்தில் ஐந்தாறு துண்டுகளை இரு வழியிலும் அளந்து பார்த்தால், உங்கள் கருவி உங்கள் மரத்தில் எத்தனை விழுக்காடு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்பது தெரிந்துவிடும். அந்தத் திருத்தத்தைக் கருவியின் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள். கருவியின் விலையைவிட அந்தச் சிறு காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

திருமணச் சமையல் ஒப்பந்தக்காரர்களின் நிலை வேறு. மண்டபத்தில் அன்றிரவே எரிய வேண்டிய விறகுக்கு நாளை வரும் விடையால் பயனில்லை, திருப்பி அனுப்பினால் மாற்று விறகுக்கும் நேரமில்லை. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பே விறகுக்கடைக்கு ஈரமானியை எடுத்துச் சென்று, அங்கேயே கட்டைகளைப் பிளந்து பார்த்து, தேர்ந்தெடுத்த அடுக்குக்கு அடையாளம் வைத்துவிட்டு வருவதே வழி.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரும் லோடுக்கு மட்டும் ஒரு கூடுதல் சோதனை தேவை. காய்ந்த விறகு வழியில் நனைந்திருந்தாலும் மேற்புறத்தில் மீட்டர் 30க்கு மேல் காட்டும். பச்சை விறகும் அவ்வாறே காட்டும். பிளந்து உள்முகத்தைப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். உள்ளே 20, வெளியே 40 என்றால் அது மழைநீர். கொட்டகையில் காற்றாட அடுக்கினால் சில நாள்களில் போய்விடும், ஆகவே லோடைத் திருப்ப வேண்டியதில்லை. ஆயினும் எடைமேடைச் சீட்டில் அந்த மழைநீரும் சேர்ந்தே நிற்கிறது. தார்ப்பாய் போடாமல் வந்த லாரிக்கு எவ்வளவு எடை கழிப்பது என்பதை மழைக்காலம் தொடங்கும் முன்பே விற்பவரோடு பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.